கண்ணுக்கு வைத்த சந்தனம்

கள்ளக்குறிச்சியைச் சுற்றி ஜவ்வரிசி செய்கிற எந்த சேகோ மில்லுக்குள் போனாலும், மோட்டார்களை ஓட்டுகிற பேனல் போர்டின் கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒயர்கள் எண்ணெய் வைத்து வாரிப் பின்னியது மாதிரி இருந்தால் அது நான் போட்டது. சேமியாவைக் கொட்டியது மாதிரி இருந்தால் வேறு யாரோ போட்டது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடையில் தரை பெருக்கி ஆரம்பித்து, அந்தக் கடைக்காரரே மோட்டார் ஓடவில்லை என்று என்னைத் தேடி வருகிற அளவுக்கு ஆனேன். படித்த என்ஜினீயர்கள் மீட்டரை வைத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பதை நான் மோட்டார் மேல் கை வைத்துச் சொல்லிவிடுவேன். என் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள். மேஸ்திரி என்றால் போதும், பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஷேர் ஆட்டோக்காரனே கொண்டுவந்து விட்டுவிடுவான்.

என் இடது கையில் நடுவிரல் பாதிதான் இருக்கும். மீதிப் பாதியைப் பதினெட்டு வயதில் கடலை உடைக்கும் மிஷினின் பெல்ட் எடுத்துக்கொண்டது. அதனால் எந்த மில்லுக்குப் போனாலும் என் கண் முதலில் போவது ஆட்களின் கைக்குத்தான். யாருக்கு எத்தனை விரல் இருக்கிறது என்று நான் பார்த்துவிடுவேன். பிறகுதான் முகம்.

இப்போது சொல்லப்போவது ஒரு கையைப் பற்றி.

கள்ளக்குறிச்சி இன்னும் மாவட்டமாகாத காலம். ஊருக்கு வெளியே ஒரு பாய் சேகோ மில் வைத்திருந்தார். மூன்று தலைமுறையாக மளிகையும் ஜவ்வரிசி வியாபாரமும் செய்த குடும்பம். விற்றதையே இனி செய்தும் பார்க்கலாம் என்று மில்லில் இறங்கியவர். கல்வராயன் மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லாரி லாரியாக வரும். அதைப் பெல்ட்டில் ஏற்றி, டிரம்மில் கழுவி, துண்டு துண்டாக வெட்டி, அரைத்து, பால் எடுத்து, மாவாக்கி, ஜவ்வரிசியாக உருட்ட வேண்டும். இதில் கெட்ட மிஷின் வெட்டு மிஷின்தான். கிழங்கு கோணல்மாணலாக வளரும். வாயில் குறுக்கே சிக்கிக்கொள்ளும். யாராவது தள்ளிவிட வேண்டும்.

அந்த வேலையைச் செய்தவர் மலைக்காரர். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் வீடு, நாற்பது வயது இருக்கும். மழை இல்லாத வருஷத்தில் கிழங்கு லாரியோடு இறங்கி வந்தவர் மில்லிலேயே தங்கிவிட்டார். அவரிடம் ஒரு கோல் இருந்தது. மலையில் வெட்டிய வேங்கைக் கோல், ஒன்றரை முழம். பிடிக்கிற இடம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். கிழங்கு சிக்கினால் கோலால்தான் தள்ளுவார், கையால் தள்ளவே மாட்டார். பதினோரு வருஷம் அந்த மிஷினிடம் நின்றவர். நான் முதல் நாள் எண்ணிப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன.

பாய் என்னைக் கூப்பிட்டு, மில் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி மாற்றித் தர முடியுமா என்றார். எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எதுவும் தெரியாது. "முடியாமல் என்ன?" என்றேன்.

அதற்காகத்தான் அந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்தேன். களமருதூர்ப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா நெல் பயிர் வைக்கிறவர், அண்ணன் ஒருவன் எங்கோ சம்பள வேலையில் இருந்தான். என்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தவள். முதல் நாள் வந்தபோதே பேனல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ரொம்ப நீட்டா இருக்குங்க ஐயா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே வேலை கொடுத்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் ஒயர் எதையும் தொடவில்லை. இரண்டு மாதம் மில்லைச் சுற்றிச் சுற்றி வந்து நோட்டில் எழுதினாள். பிறகு என் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குள் ஒரு மில் கட்டினாள். அசல் மில் மாதிரியே. பெல்ட் ஓடும், டிரம் சுற்றும், தொட்டியில் பால் ஏறும்.

"இத்த எதுக்கும்மா? வெளையாட்டா?" என்று கேட்டேன்.

"இதுல தப்பு பண்ணிக்கலாங்க ஐயா. இங்க மோட்டார் எரிஞ்சா காசு போவாது. எல்லா தப்பையும் இங்க பண்ணி முடிச்சிட்டு அங்க போலாம்."

அது எனக்குப் பிடித்தது. அதைவிடப் பிடித்தது அவள் கட்டிய முறை. மில்லில் இருபது மோட்டார் இருந்தன. நானாக இருந்தால் இருபதுக்கும் தனித்தனியாக ஒயர் இழுத்திருப்பேன். அவள் மோட்டார் என்று ஒரே ஒரு அச்சு செய்தாள். மோட்டார் என்றால் அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எதைக் கேட்டால் ஓட வேண்டும், எதைக் கேட்டால் நிற்க வேண்டும், எல்லாம் அந்த ஒரு அச்சில் எழுதி வைத்தாள். அதற்குத் தாய் என்று பெயர். அதிலிருந்து இருபது பிள்ளைகள். பெல்ட் மோட்டார் ஒரு பிள்ளை, டிரம் மோட்டார் ஒரு பிள்ளை, வெட்டு மிஷின் ஒரு பிள்ளை. தாய்க்கு இருக்கிற குணம் எல்லாப் பிள்ளைக்கும் வந்துவிடும். பிள்ளைக்கு மட்டும் வேறு குணம் வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் தனியாக எழுதிக்கொள்ளலாம். ஒரு மோட்டார் இன்னொன்றின் வயிற்றுக்குள் கையை விடாது. வேண்டியதைக் கேட்டுத்தான் வாங்கும். என் பழைய பேனல்களில் ஒன்று கெட்டால் நான்கு நிற்கும். இதில் அப்படி இல்லை.

"அப்போ தாய்க்குச் சளி புடிச்சா?" என்று கேட்டேன்.

"அத்தன புள்ளைக்கும் மூக்கு ஒழுவுங்க ஐயா." சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள், "அதனாலதான் ஓடிக்கினு இருக்கிற மில்லுல தாயத் தொடவே கூடாதுங்க."

மனிதனுக்கும் ஓர் அச்சு வைத்திருந்தாள். "ஆள்" என்று பெயர். அந்த ஆள் மிஷின் பக்கத்தில் நிற்பான், நினைத்தபோது கையை உள்ளே விடுவான். எப்போது விடுவான் என்று அவளுக்கே தெரியாதபடி வைத்திருந்தாள். அதற்குத்தான் கண். வெட்டு மிஷினின் வாயில் கிழங்கு போகிற மட்டத்துக்கு ஒரு முழம் மேலே ஒரு வெளிச்சக் கோடு. ஒரு பக்கம் பொட்டு அளவு கண்ணாடி, எதிர்ப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வில்லை. திரும்பி வருகிற வெளிச்சத்தை எது மறைத்தாலும் மிஷின் அதைக் கை என்று நினைத்து அந்த இடத்திலேயே பிரேக் பிடித்து நிற்கும். அதே மாதிரிக் கண் பெல்ட்டுக்கும் டிரம்முக்கும் உண்டு.

மலைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து கம்ப்யூட்டரைக் காட்டினேன். திரையில் அந்த ஆள் கையை விடுவதையும் மிஷின் நிற்பதையும் வெகுநேரம் பார்த்தார்.

"இது நானா மேஸ்திரி? எனுக்கு இவ்ளோ செவப்பு கெடையாதே."

"நீதாம்பா. மீச வைக்க மறந்துட்டா."

"எத்தினி வாட்டி வுட்டாலும் கை போவலியே. கெட்டிக்காரந்தான்." எழுந்து போகும்போது அவளிடம், "அவுனுக்கு ஒரு கோலு குடும்மா, பாவம்" என்றார்.

என்னவெல்லாம் கெடலாம் என்று அவள் என்னிடம் பட்டியல் கேட்டாள். இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் ஏது? சொல்லிக்கொண்டே போனேன். கரண்ட் போவது, மூன்று லைனில் ஒரு லைன் மட்டும் போவது, கிழங்கோடு கல் வருவது, எலி ஒயரைக் கடிப்பது, கூரை ஒழுகிப் பேனலில் தண்ணீர் இறங்குவது, குடித்துவிட்டு வருகிறவன். எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் மில்லில் நடத்திப் பார்த்தாள். ஒரு நாள் தாயின் பக்கத்தைத் திறந்து, மூன்றாவது கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துக் காட்டினாள். அது "கண் சொல்வதைக் கேள்" என்கிற கட்டம். எடுத்ததும் ஆள் கையை விட்டான். மிஷின் நிற்கவில்லை. திரையில் அந்த இடம் சிவப்பானது. "இதுக்குத்தான் சொல்றேங்க ஐயா" என்று டிக்கைத் திரும்ப வைத்தாள். ஆக, தெரியாது என்று நான் சொல்ல முடியாது. பார்த்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பிள்ளையின் பக்கத்தில் எதையாவது மாற்றப் போனால் அது கேள்வி கேட்கும். எந்த மிஷின், என்ன காரணம், எவ்வளவு நேரத்துக்கு, யார் பொறுப்பு. பதில் எழுதினால்தான் மாறும், சொன்ன நேரம் முடிந்ததும் தானாகப் பழையபடி ஆகிவிடும். கேள்வி எல்லாம் இங்கிலீஷ்.

"தமிழ்ல போட்டுடட்டுங்களா ஐயா?" என்று கேட்டாள்.

எனக்கு இங்கிலீஷில் மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. முப்பது வருஷமாக மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டியே காலம் தள்ளியவன். "ஏம்மா, எனுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?" என்றேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்லிங்க ஐயா, சும்மா கேட்டேன்" என்றாள்.

தாயின் பக்கம் கேள்வி எதுவும் கேட்காது. வெறும் கட்டங்கள்தான். அவளைத் தவிர யாரும் திறக்கப் போவதில்லை என்று அப்படி விட்டிருந்தாள். அதற்கு ஒரு நம்பர் வைத்திருந்தாள். அந்த நம்பர் எனக்கு வேண்டும் என்று கேட்டேன்.

"அது உங்குளுக்கு வேண்டாங்க ஐயா. தேவையே படாது."

"கம்பெனி யாருது?"

கொடுத்துவிட்டாள். பிறகு அதை மாற்றுகிற விதத்தையும் காட்டச் சொல்லி, 1111, நான்கு ஒன்று என்று எனக்கு நினைவில் நிற்கிற நம்பராக நானே வைத்துக்கொண்டேன். அவளுக்கு இனித் தேவை இல்லை என்றேன். தாயின் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது என்று டீக்கடையில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அவள் எழுதியதை அப்படியே மில்லின் பேனலுக்கு ஏற்றினோம், மில் ஓட ஆரம்பித்தது. நன்றாக ஓடியது. முதல் வாரம் மலைக்காரர் கண்ணை நம்பவில்லை. கோலைப் பிடித்துக்கொண்டே நின்றார். கோல் வெளிச்சத்தில் பட்டு மிஷின் நின்று நின்று போனது. மற்ற மில்காரர்கள் பார்க்க வந்திருந்த ஒரு நாள் இது நடந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவர் கையிலிருந்து கோலைப் பிடுங்கினேன்.

"இன்னாய்யா இது, கண்ணு வெச்ச மிஷின்கிட்ட கொம்ப வெச்சிக்கினு நிக்கிற? கிழங்கு சிக்குனா தைரியமா கைய வுடு. தானா நிக்கும். கண்ணு பாத்துக்கும்."

அவர் தயங்கினார். நானே என் கையை விட்டுக் காட்டினேன், பாதி விரல் இருக்கிற கையை. மிஷின் நின்றது. வந்தவர்கள் கை தட்டினார்கள். கோலைக் கொண்டுபோய் ஜவ்வரிசி வறுக்கிற அடுப்பில் போட்டேன். காய்ந்த வேங்கை, சீக்கிரம் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு அவர் கையாலேயே தள்ளினார். கையை விட்டால் மிஷின் நிற்கும், கிழங்கை நேராக்குவார், கையை எடுத்தால் ஓடும். பழகிவிட்டார். பாட்டுப் பாடிக்கொண்டே செய்வார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. மில்லைக் கழுவி, மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக் கன்று கட்டி, பொரி சுண்டல் வைத்துப் படைத்து, பூசணிக்காய் உடைத்து, கடைசியில் எல்லா மிஷினையும் ஒரு சுற்று ஓட்டி நிறுத்துவது வழக்கம். அந்த ஒரு சுற்று ஓடாவிட்டால் வருஷம் முழுக்க விளங்காது என்று ஆட்கள் நினைப்பார்கள். பாய் தன் கையால் பூஜை செய்ய மாட்டார். ஆனால் பொரியும் பழமும் அவர் செலவு. பூஜை முடியும்வரை செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்பார். நைனார்பாளையம், சின்னசேலம் பக்கத்து மில்காரர்கள் நான்கைந்து பேரை அன்றைக்கு வரவழைத்திருந்தார். அவர்களுக்கும் இதே மாதிரி மில் வேண்டுமாம்.

"மேஸ்திரி, மொதல் சந்தனம் உங்க கையாலதான்" என்றார் பாய்.

கிண்ணத்தை வாங்கினேன். ஆட்கள் மற்ற மிஷின்களுக்கு உடம்பிலும் கதவிலும்தான் பொட்டு வைத்தார்கள். கண் பக்கம் கை கொண்டுபோகக் கூடாது என்று அந்தப் பெண் அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. என்னிடமும் சொல்லியிருப்பாள். நான் தலையாட்டியிருப்பேன். முதல் மிஷின் பெல்ட். அதன் முன்னால் நின்றேன். இதில் பெரியது எது? மோட்டாரா? பேனலா? கையைக் காக்கிற கண்ணல்லவா பெரியது? எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இரண்டு விரலில் சந்தனத்தை அள்ளி, பெல்ட்டின் கண்ணுக்கு மேலேயே, அந்தச் சின்னக் கண்ணாடியின் மேலேயே, வட்டமாகப் பெரிய பொட்டாக வைத்தேன். நடுவில் குங்குமம். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பூசணிக்காய் உடைந்தது. பெல்ட்டின் உருளைக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பட்டனைத் தட்டினேன். பெல்ட் ஓடவில்லை. மறுபடி தட்டினேன். ஓடவில்லை. பெல்ட் ஓடாமல் பின்னால் இருக்கிற எதுவும் ஓடாது. முழு மில்லும் கற்பூரப் புகையில் கல் மாதிரி நின்றது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கண்ணில் சந்தனம். மிஷின் அதைக் கை என்று நினைக்கிறது. சந்தனத்தைத் துடைத்தால் போதும். ஆனால் வைத்த பொட்டை, பூஜை நடக்கும்போது, வைத்தவனே துடைப்பதா? ஆட்கள் முகத்தைப் பார்த்தேன். கிழங்குக்குத் தோல் சீவுகிற பெண்களில் ஒருத்தி, "இன்னாக்கா இது, மொதல்லியே நின்னுப் போச்சி" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "சும்மா இருடி, மேஸ்திரி கீறாரு இல்ல" என்றாள். மில்காரர்களில் ஒருவர் பாயிடம் மெதுவாக, "கம்ப்யூட்டர் ஆயுத பூஜைக்கு லீவு போட்டுடுச்சா பாய்?" என்றார். சிரித்தார்கள்.

பேனல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கிருந்த திரையில் பெல்ட்டின் பக்கத்தைத் திறந்தேன். கேள்விகள் வந்து நின்றன. நான்கு வரி இங்கிலீஷ். அதன் முன்னால் மூக்குக் கண்ணாடியோடு நின்றேன். அவளுக்குப் போன் போட்டிருக்கலாம். பூஜை லீவு, தன் ஊரில்தான் இருந்தாள். போட்டால் எழுத்தெழுத்தாக அவள் சொல்ல, நான் தட்டியிருப்பேன். எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

தாயைத் திறந்தேன். நான்கு ஒன்று. மூன்றாவது கட்டம். டிக்கை எடுத்தேன். பொரி கொடுத்து முடித்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். நினைத்தது உண்மை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பெல்ட் ஓடியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. குலவை போட்டார்கள். டிரம் சுற்றியது, வெட்டு மிஷின் சுற்றியது. மலைக்காரர் எட்டி நின்று கும்பிட்டார். பாய் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மில்காரர்கள் என்னை விடவில்லை. அவர்கள் காரிலேயே ஏற்றிக்கொண்டு சின்னசேலம்வரை போய், அங்கே ஒருவருடைய மில்லைச் சுற்றிக் காட்டி, சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் போன் செய்தாள்.

"ஓடுச்சிங்களா ஐயா?"

"ஓடாம? நான் இருக்கிறப்ப?"

"ஒண்ணும் பிரச்சன இல்லிங்களே?"

"நீ போயி உங்க அம்மா சமையல சாப்புடும்மா" என்றேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

மறுநாள் காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. வழக்கம்போல ஆட்கள் வந்து மிஷின்களைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பெல்ட்டின் கண்ணில் நான் வைத்த சந்தனமும் போய்விட்டது. கண்கள் எல்லாம் பளிச்சென்று பார்த்துக்கொண்டிருந்தன. அவை சொல்வதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. பார்க்கிறவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மலைக்காரர் பாடிக்கொண்டுதான் இருந்தார் என்று சொன்னார்கள். ஒரு கிழங்கு குறுக்கே சிக்கியது. கையை விட்டார்.

எனக்குப் போன் வந்தபோது நான் வீட்டில் காபி குடித்துக்கொண்டு, முந்தின நாள் பொன்னாடையை மடித்து வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிஷின் நின்றிருந்தது. அதை நிறுத்தியது கரண்ட்டைப் பிடுங்கிய ஒரு தோல் சீவும் பெண். நான் நேராகப் பேனல் அறைக்குப் போனேன். டிக்கைத் திரும்ப வைத்தேன். முதலில் செய்தது அது. ஆஸ்பத்திரிக்குப் பிறகுதான் போனேன்.

வலது கை. மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரற்கடை வரை போய்விட்டது.

விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். என் கடையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். கண் இருந்தும் மிஷின் ஏன் நிற்கவில்லை என்று கேட்டார்கள். இதை எழுதியது யார் என்று கேட்டார்கள்.

"இந்தப் பொண்ணுதாங்க" என்றேன்.

அது பொய் இல்லை. எழுதியது அவள்தான். அவள் எனக்குப் பின்னால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளை எவ்வளவோ கேட்டார்கள். சோதித்துப் பார்த்தாயா, எத்தனை முறை பார்த்தாய், உனக்கு என்ன அனுபவம். சோதித்தேன், கண் வேலை செய்தது என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு விநாடி என் முதுகைப் பார்த்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் திரும்பவில்லை. வந்தவர்கள், எழுதினவருடைய கவனக்குறைவு என்றும், வேலை செய்தவரும் கையை விட்டிருக்கக் கூடாது என்றும் எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போனதும் கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் மேஜை மேல் விரித்து வைத்தாள். பேனலில் யார் எதைத் தொட்டாலும் அது நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுமாம். எனக்கு அதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் இங்கிலீஷில் இருந்திருக்கும். பூஜை நாள் காலை ஒரு வரி. மறுநாள் காலை ஒரு வரி. இரண்டுக்கும் பக்கத்தில் நான்கு ஒன்று. அதைப் படிக்க எனக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

"ஏம்மா அவங்ககிட்ட காட்டல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேங்க ஐயா." பொட்டு வைத்ததை ஆட்கள் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். "சந்தனம்னு போன்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்குங்க."

காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். திரும்ப வரவில்லை. இந்தப் பக்கத்து மில்லில் யாரும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுக்கலாம் என்றும் சொல்லவில்லை. மில்காரர்கள் என்னைக் கேட்டபோது, "சின்னப் பொண்ணு, பாவம்" என்றேன். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

ஒரு வருஷம் கழித்து மலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறியது. வெள்ளிமலையில் இறங்கி நடந்தேன். அவர் வீட்டு முன்னால் சாமை காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி அடுத்த நடவுக்குக் குச்சிக்கிழங்குத் தண்டைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். மலைக்காரர் இடது கையால் அந்தத் துண்டுகளைக் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு. முடிச்சு நழுவி நழுவிப் போனது.

"வாங்க மேஸ்திரி" என்றார். வாயிலிருந்த கயிறு விழுந்தது. மனைவி எழுந்து உள்ளே போனார். திரும்ப வெளியே வரவில்லை.

சொல்லத்தான் போனேன். தாய், பிள்ளை, டிக், சந்தனம், எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கிக்கொண்டுதான் போனேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"என் தப்புதான் மேஸ்திரி. தெனம் காலைல கண்ணுக்கு ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன். பூஜ முடிஞ்ச மறுநாளா, மறந்துட்டேன்."

"அப்பிடி இல்லப்பா..."

"நீங்கதான சொன்னீங்க, கண்ணு பாத்துக்கும்னு. அது பாத்துக்கினுதான் இருந்துது. நான்தான் கும்புடல."

இத்தனை மில்லில் இத்தனை பேரிடம் இவ்வளவு பேசியவன் நான். இது சாமி இல்லையப்பா, என் விரல் என்று சொல்ல ஐந்து வார்த்தை போதும். அதைச் சொன்னால் அந்தப் பதினோரு வருஷக் கோலையும் சொல்ல வேண்டும். அவர் கோலைப் பற்றிக் கேட்கவே இல்லை. கொண்டுபோன ஆப்பிளையும் பிஸ்கட்டையும் கொடுத்துவிட்டு, கட்டு கட்ட ஒரு கை கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மேஸ்திரி, பழகிக்கணும்" என்றார். கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

இப்போது எனக்கு வயது எழுபத்திரண்டு. கடையை மூடிவிட்டேன். பின்னறையில் அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பட்டன். பச்சைப் பட்டன், அழுத்தினால் அவள் கட்டிய மில் ஓட ஆரம்பிக்கும். சில நாள் காலையில் அதை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். கரண்ட் போகிறது, மில் சமாளிக்கிறது. கல் வருகிறது, சமாளிக்கிறது. மீசை இல்லாத அந்தச் சிவந்த ஆள் வெட்டு மிஷினில் கையை விடுகிறான். மிஷின் நிற்கிறது. கையை எடுக்கிறான். மறுபடி விடுகிறான். நிற்கிறது. நான் சொன்ன பட்டியலில் இருந்த எலியும் மழையும் குடிகாரனும் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். அங்கே இல்லாதது ஆயுத பூஜையும் நானும்தான்.

என்னையும் அதற்குள் போட வேண்டும். மேஸ்திரி என்று ஓர் அச்சு செய்து, அவனுக்கு என்னென்ன குணம் என்று எழுதி, அந்த மில்லுக்குள் இறக்கிவிட வேண்டும். அதன் பிறகு அந்த ஆள் கையை விடும்போது என்ன ஆகும் என்று பார்த்தால்தான் அவள் கட்டிய மில் முழுமையாகும். எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவளை நான் அனுப்பிவிட்டேன். இதை எழுதும்போது யார் பெயரையும் சொல்லவில்லை, அவள் பெயரைக்கூட. அதுவும் அவளுக்காக என்று சொல்ல மாட்டேன்.